நோயாளர் பணிவிடையும் நபிவழியும்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி நோயில் படுக்கையுற்றிருந்த நாட்களில் நிகழ்ந்த ஒன்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள அந்நிகழ்ச்சி பலரும் செவியுற்றதே. எனினும் அதன் உட்பொருளை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. பெருமானாருக்கு நோய் மிகுந்த வேளையில், இல்லத்தார் கவலை மேலிட்டு, வாயின் ஒரு பக்கமாக ஊற்றிப் புகட்டும் மருந்தொன்றைக் கொடுக்க முற்பட்டார்கள். வேண்டாம் என்று பெருமானார் சைகையால் உணர்த்தினார்கள். நோயுற்ற எவருக்கும் மருந்தின்மீது வெறுப்பு இயல்புதானே என எண்ணி, அவர்கள் புகட்டியே விட்டார்கள். சற்றுத் தெளிவு வந்ததும், தாம் தடுத்திருந்தும் ஏன் அவ்வாறு செய்தார்கள் என்று அண்ணலார் வினவினார்கள். நோயாளியின் வெறுப்பு என்று கருதினோம் என்பது அவர்கள் அளித்த பதில். அப்பொழுது உடனிராத அப்பாஸ் (ரலி) அவர்கள் நீங்கலாக, வீட்டிலிருந்த அனைவருக்கும் தம் கண்முன்னே அதே மருந்து புகட்டப்பட வேண்டும் என்று பெருமானார் கட்டளையிட்டார்கள்.

மருந்து ஊற்றியவர்கள் பகைவர்கள் அல்லர். உயிரினும் மேலாக அவர்களை நேசித்தவர்கள். நேசம் ஒன்றே போதுமென்றால் அந்த நிகழ்ச்சியில் குறை காண இடமில்லை. ஆனால் படுத்திருப்பவரும் ஒரு மனிதர். அவருக்கென ஒரு விருப்பம் உண்டு. வாய் திறந்து பேச இயலாத நிலையிலும் அவருடைய சைகைக்கு மதிப்பு உண்டு. 'அவருக்கு என்ன தெரியும், நோயாளிதானே' என்ற எண்ணம் அன்பின் வடிவில் வந்தாலும் அதனை ஏற்பதற்கில்லை என்பதை இதனைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறொன்றை யான் அறியேன்.

செவிலியர் பயிற்சியின் முதற்பாடமும் இதுவே என்பதை அறிந்தபோது வியப்பும் மகிழ்ச்சியும் உண்டாயின. இந்திய செவிலியர் மன்றம் 2021-இல் திருத்தி வெளியிட்ட பி.எஸ்ஸி. பாடத்திட்டத்தில், முதல் இரு பருவங்களிலும் 'செவிலிய அடிப்படைகள்' என்னும் பாடம் இடம்பெற்றுள்ளது. கை கழுவும் முறை, படுக்கை விரிக்கும் முறை, உடல் வெப்பமும் நாடியும் மூச்சும் இரத்த அழுத்தமும் பார்த்துக் குறித்தல், எழ இயலாதவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டுதல், வாய் துடைத்தல், படுக்கைப் புண் வாராமல் இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவற்றை மாணவர்கள் அதில் கற்கிறார்கள். அதே பாடத்தின் ஒரு பகுதியாக, நோயாளியின் பண்பாட்டையும் ஆன்மிகத் தேவைகளையும் அறிந்து நடப்பதும் வைக்கப்பட்டிருக்கிறது. எந்தச் செயலானாலும் செவிலி முதலில் தம் பெயரைச் சொல்லி, செய்யப்போவது இன்னதென விளக்கி, நோயாளியின் சம்மதம் பெற்று, திரையை இழுத்து மறைத்து, அதன் பின்னரே தொட வேண்டும். ஏட்டில் இதற்கு நான்கு வரிகள் போதும். இரவுப்பணியில் நாற்பது கட்டில்களுக்கு நடுவே இதனைக் கடைப்பிடிப்பது தவத்துக்கு ஒப்பானது.

இப்பாடத்தின் அருமை நம் கடலூர் மாவட்டத்தார்க்குத் தனியே விளங்கும். கடலூர் முதுநகரைக் கடந்து சிதம்பரம் செல்லும் சாலையில் பயணம் செய்தோர் சிப்காட் தொழிற்பேட்டையை அறிவர். குடிகாடு, ஈச்சங்காடு, பச்சையாங்குப்பம், சங்கொலிக்குப்பம், செம்மங்குப்பம் முதலிய ஊர்கள் இரசாயன ஆலைகளோடு அண்டை வீடுகளைப் போல் வாழ்ந்து வருகின்றன. 2021 மே மாதத்தில் இங்குள்ள ஒரு பூச்சிமருந்து ஆலையில் நேர்ந்த விபத்தில் நால்வர் உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து, குடிகாட்டு வீடுகளுக்குள் அந்நீர் புகுந்தது. உறக்கத்திலிருந்து எழுந்தோடிய மக்கள் பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

இத்தகைய வேளையில் செவிலி செய்ய வேண்டுவது யாது? இரசாயனம் பட்ட ஆடையை உடனே களைதல் வேண்டும். தூளாக இருப்பின் அதனை முதலில் தட்டி அகற்றி, பின்னர் ஓடும் நீரில் பதினைந்து இருபது நிமிட நேரம் இடைவிடாது கழுவுதல் வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவுதல் வேண்டும். ஆடை உடலோடு ஒட்டியிருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தோல் வேகும். இப்பொழுது எண்ணிப் பாருங்கள். அவ்வாறு கொண்டுவரப்படுபவர் தலைமுந்தானை விலகாது வாழ்ந்த ஒரு மூதாட்டியாக இருக்கலாம். அவர் முஸ்லிமாக இருக்கலாம், மீனவர் குலப் பெருமாட்டியாக இருக்கலாம். பத்துப் பேர் சூழ நிற்கும் இடத்தில் ஆடையை இழுத்தால் அவர் இறுகப் பற்றிக்கொள்வார். இழுபறியில் காலம் போகும். நாணம் என்பது நம் பெண்டிருக்கு உயிருக்கு நிகர் என்பதை அறிந்த செவிலி, ஒரு போர்வையை விரித்து மறைத்து, ஆண்களை வெளியே நிறுத்தி, 'அம்மா, இந்தத் துணியில் மருந்து இருக்கிறது, கழற்றினால்தான் எரிச்சல் அடங்கும்' என்று காதருகே சொல்வார். மறைப்புக் கிடைத்ததும் அந்தக் கை தானே தளரும். பண்பாட்டை மதித்தல் மருத்துவத்தைத் தாமதப்படுத்தும் என்று கருதுவோர் உளர். மதித்த இடத்தில்தான் மருத்துவம் விரைவில் நடக்கிறது.

மார்க்கத் தீர்ப்பையும் இவ்விடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெண்ணுக்குப் பெண்ணே பணிவிடை செய்வது சிறந்தது. பெண் செவிலி அருகில் இல்லை, காத்திருந்தால் உயிருக்கோ உறுப்புக்கோ கேடு என்னும் நிலையில், ஆண் செவிலி தேவையான அளவு பார்ப்பதும் தொடுவதும் ஆகுமானதே. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை அனுமதிக்கும்; அந்த அனுமதி தேவையின் அளவோடு நிற்கும். இவை ஃபிக்ஹு நூல்களில் நம் முன்னோர் வகுத்த விதிகள். இதனை அறியாமல் 'ஆண் கை படக் கூடாது' என்று வாசலில் மறித்து நிற்கும் உறவினர், மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி ஓர் உயிரோடு விளையாடுகிறார்.

அறியாமல் தீர்ப்புச் சொல்வதன் கொடுமைக்கு அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பயணத்தில் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டனர் என்று பெருமானார் கடிந்துரைத்து, தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமை என்னும் பிணிக்குக் கேட்பதுதானே மருந்து என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள். செவிலியர் கல்லூரிச் சுவரில் எழுதி வைக்கத் தகுந்த கருத்து இது. செவிலியும் கேட்க வேண்டும். நோயாளியும் கேட்க வேண்டும். எங்களைப் போன்ற ஆலிம்களும் மருத்துவரைக் கேட்ட பின்னரே நோயாளிக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கேளாமையால் நம்மவர் படும் அல்லல் பல. சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட முதியவர், தாம் அசுத்தமாகிவிட்டதாக எண்ணி, வாரக்கணக்கில் தொழுகையை விட்டுவிட்டு மனம் நொந்து கிடப்பார். அவர் 'மஃதூர்', அதாவது தக்க காரணமுடையவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வேளைக்கும், ஷாஃபி மத்ஹபில் ஒவ்வொரு கடமையான தொழுகைக்கும் புதிதாக ஒளுச் செய்து, அந்நிலையிலேயே அவர் தொழலாம். நிற்க இயலாதோர் அமர்ந்தும், அமர இயலாதோர் ஒருக்களித்தும் தொழலாம் என்பது மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அண்ணலார் அளித்த அனுமதி. நீர் படக் கூடாத கட்டின்மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. 'ஐயா, தொழுகைக்குக் கட்டிலை மேற்கே திருப்பி வைக்கட்டுமா?' என்று ஒரு செவிலி கேட்டுவிட்டால், அன்றிரவு அந்த முதியவருக்கு உறக்க மாத்திரை தேவைப்படாது.

ரமலான் மாதத்தில் நிகழ்வது இதனினும் அபாயகரமானது. சர்க்கரை நோயாளி நோன்பு நோற்றிருப்பதைச் செவிலியிடம் மறைப்பார், திட்டுவார்களோ என்ற அச்சம். செவிலியோ வழக்கமான அளவில் இன்சுலின் ஊசியைப் போடுவார். பகலில் உணவில்லாத உடலில் சர்க்கரை சடுதியில் இறங்கி, வியர்த்து, நடுங்கி, நினைவிழந்து விழுவார். 'இன்று நோன்பா?' என்று கடுமையின்றிக் கேட்கும் ஒரு கேள்வி அவ்வுயிரைக் காக்கும். நோயாளிக்கு நோன்பிலிருந்து இறைவன் திருமறையில் சலுகை அளித்திருக்கிறான். அச்சலுகையை ஏற்பதும் வணக்கமே என்பதை எடுத்துரைப்பது ஆலிம்களின் கடமை. செவிலியிடம் மறைக்காமல் சொல்லுவது நோயாளியின் கடமை. சொன்னால் ஏளனம் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையைத் தருவது செவிலியின் கடமை.

இந்த நம்பிக்கைக்கு 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்று பெயர் சூட்டியவர்கள் நியூசிலாந்தின் மாவோரி இனத்துச் செவிலியர். 1988-இல் அவர்கள் கூடிய ஒரு மாநாட்டில், சட்டப் பாதுகாப்பு, மருத்துவப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்குப் பாதுகாப்பு எங்கே என்று முதலாண்டு மாணவி ஒருத்தி கேட்டாளாம். அக்கேள்வியைப் பற்றிக்கொண்டு வளர்த்தெடுத்தவர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்னும் மாவோரி செவிலியப் பெருமாட்டி. 1992-இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இதற்கான நெறிமுறைகளை வகுத்து வெளியிட்டது. மாவோரியர்க்குத் தலை புனிதமானது. தலைக்கு வைத்த தலையணையைக் காலுக்கோ இருக்கைக்கோ வைத்தால் அவர்கள் உள்ளம் புண்படும். செவிலிக்கு அது வெறும் தலையணை. ராம்ஸ்டன் அம்மையாரின் கோட்பாட்டில் என் மனத்தைக் கவர்ந்த பகுதி ஒன்றுண்டு: பணிவிடை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்பளிக்கும் உரிமை செவிலிக்கு இல்லை, பணிவிடை பெற்றவருக்கே உண்டு. மருந்தூற்றிய இல்லத்தாரின் நிகழ்ச்சியை மீண்டும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆயின் இது நமக்கு நாமே சலுகை கோரும் பேச்சாக மட்டும் முடிந்துவிடக் கூடாது. முஸ்லிம் செவிலி ஒருவர் கவனிக்கும் கட்டிலில் நெற்றி நிறைய நீறணிந்த தில்லைவாழ் பெரியவர் படுத்திருப்பார். முகம் துடைக்கும்போது அந்த நீற்றையும் துடைப்பதா என்று அவரிடம் கேட்டே செய்ய வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு முன் நகைகளைக் கழற்றுவது விதி. தாலியைக் கழற்றச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை உணர்ந்து, கழற்றாமலே ஒட்டுப்பட்டை சுற்ற இயலுமா என்று மருத்துவரைக் கேட்டுப் பார்க்கலாம். உயிர் பிரியும் வேளையில் ஒருவர் வாயில் துளசி நீரும், இன்னொருவர் அருகில் பாதிரியாரின் ஜெபமும், மற்றொருவர் செவியில் கலிமாவும் வேண்டியிருக்கும். மூவருக்கும் வழிவிட்டுத் திரையை இழுத்து விடுவது செவிலியின் கண்ணியம். அண்ணலார் தமக்குப் பணி செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவன் வீடு தேடிச் சென்று தலைமாட்டில் அமர்ந்தவர்கள் அல்லரோ!

சிப்காட் ஆலைகளில் மொழியும் ஒரு தடை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞர் பலர். 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்கும் முதலுதவி அறை இருத்தல் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அறை இருக்கும், ஆனால் 'எரிகிறது', 'மூச்சு முட்டுகிறது', 'கண் மங்குகிறது' என்ற மூன்று வேதனைகளையும் பிரித்துச் சொல்ல அந்த இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. செவிலியர் இந்தியில் பத்துச் சொற்களைக் கற்றுக்கொண்டால் பெரிதும் பயன்படும். மற்றுமொரு வழியும் எனக்குத் தோன்றுகிறது. நம் மாவட்டத்தில் லால்பேட்டையில் புகழ்மிக்க அரபுக் கல்லூரி இருக்கிறது. உர்தூ அறிந்த மௌலவிகள் பல ஊர்களில் இமாம்களாக இருக்கிறார்கள். மருத்துவமனையார் அழைத்தால், கட்டிலருகே நின்று மொழிபெயர்த்துக் கொடுப்பது அவர்களுக்கு எளிது. நோயாளி சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். இடையில் உபதேசம் செய்யக் கூடாது. இது எங்கள் வர்க்கத்தாருக்குச் சற்றுக் கடினமான நிபந்தனை என்பதை யான் அறிவேன்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம் வீட்டுப் பெண் பிரசவத்துக்குச் சென்றால் பெண் மருத்துவர் வேண்டும், பெண் செவிலியே வேண்டும் என்று உரத்த குரலில் கேட்கிறோம், நியாயமான கோரிக்கைதான். அந்தப் பெண் செவிலி எந்த வீட்டிலிருந்து வருவார்? நம் மகளைச் செவிலியர் படிப்பில் சேர்க்கலாமா என்றால் முகம் சுளிக்கிறோம். 'கண்டவர் மலத்தை அள்ளும் வேலை', 'இரவு வேலை', 'மாப்பிள்ளை கிடைக்காது' என்று காரணங்கள் அடுக்குகிறோம். பிறர் மகள் நம் மனைவியின் இரத்தத்தைத் துடைக்கலாம், நம் மகள் பிறருக்குச் செய்வது இழிவு என்பது எந்த மார்க்கத்தின் நீதி? சமுதாயத்தில் சிலரேனும் செய்தாக வேண்டிய, எவரும் செய்யாவிடின் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமைக்கு 'ஃபர்ளு கிஃபாயா' என்று பெயர். மருத்துவக் கல்வியை அவ்வகையில் சேர்த்து உரைத்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். மருத்துவருக்குப் பொருந்துவது செவிலிக்குப் பொருந்தாதா?

இழிவு என்போர் நம் வரலாற்றைத் திறந்து பார்க்கட்டும். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு அகழ்ப்போரில் அம்பு பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு, மஸ்ஜிதுன் நபவியிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயமுற்றோருக்குப் பணிவிடை செய்து வந்த ருஃபைதா (ரலி) அம்மையாரின் கூடாரம் அது. பள்ளிவாசலின் முற்றமே நோயாளர் விடுதியாயிற்று! உம்மு அதிய்யா (ரலி) அம்மையார் ஏழு போர்ப் பயணங்களில் உடன்சென்று உணவு சமைத்தும் காயங்களுக்கு மருந்திட்டும் நோயாளிகளைக் கவனித்தும் தொண்டாற்றியதை முஸ்லிம் கிரந்தம் எடுத்துரைக்கிறது. உஹதில் பெருமானாரின் திருமுகத்தில் குருதி பெருகியபோது, அலி (ரலி) கேடயத்தில் நீர் கொணர்ந்து ஊற்ற, அன்னை ஃபாத்திமா (ரலி) கழுவினார்கள். நீரால் குருதி மேலும் பெருகுவதைக் கண்டு, பாய்த் துண்டொன்றை எரித்துச் சாம்பலை அப்பி நிறுத்தினார்கள். (இன்று காயத்தில் சாம்பல் வைக்கலாகாது, தூய துணியால் அழுத்திப் பிடிப்பதே முறை. கண்முன் நடப்பதைக் கவனித்து முறையை மாற்றிக்கொண்ட அந்தக் கூர்மையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.) பின்னாளில் 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மாபெரும் மருத்துவமனையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளும், அவரவர்க்கு ஆண் பெண் பணியாளர்களும் இருந்தனர்.

ருஃபைதா அம்மையாரின் திருப்பெயரைத் தாங்கி, புதுதில்லி ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகத்தில் ஒரு செவிலியர் கல்லூரி நடைபெறுகிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டுவதில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்தும் லால்பேட்டையிலிருந்தும் சென்றுவரும் தூரத்தில், சிதம்பரத்தில் ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வி நிலையங்கள் 2021-இல் அரசின் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. மேனிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கற்ற நம் பிள்ளைகள் இப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏழை மாணவியின் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் ஜகாத் நிதியிலிருந்து வழங்க மார்க்கத்தில் தடையில்லை. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவியைப் படிக்க வைக்கட்டும். மாணவர்களையும் அனுப்புங்கள், முதியவர்களான நம் ஆண்களைப் புரட்டிப் படுக்க வைக்கவும் கைகள் வேண்டுமே.

இரவுப்பணி குறித்து அச்சம் கொள்ளும் பெற்றோரிடம் ஒன்று கூறுவேன். பாதுகாப்பான விடுதி, பணியிடத்துக்கு வாகனம், பெண் கண்காணிப்பாளர் ஆகியவை உண்டா என்று நிர்வாகத்தாரிடம் நேரில் சென்று விசாரியுங்கள். அது உங்கள் உரிமை. விசாரியாமலே மகளின் படிப்பை நிறுத்துவது உரிமை அன்று.

மாணவிகளுக்கு வரும் ஐயங்களும் உண்டு. முழங்கை வரை சட்டையை மடித்துக் கை கழுவ வேண்டுமாமே, ஆகுமா என்று ஒரு மாணவி வினவினாள். நோய்க்கிருமி ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்குப் பரவாமல் தடுப்பதற்கே அவ்விதி. பிரிட்டனில் 2010-இல், ஒருமுறை அணிந்து எறிந்துவிடும் கைமறைப்புகளை முஸ்லிம் பெண்கள் அணிந்துகொள்ள அரசே வழிவகுத்தது. அத்தகைய வசதி கிடைக்குமாயின் கேட்டுப் பெறுக. கிடைக்காதவிடத்து, பணி நேரத்தில் தேவையான அளவு கையை மடிப்பதில் குற்றமில்லை, பணி முடிந்ததும் இறக்கிவிட்டுக்கொள்க என்றே விடை பகர்ந்தேன்.

அயல் ஆடவரான நோயாளியைத் தொட்டால் ஒளு முறியுமா என்பது அவளது அடுத்த கேள்வி. ஹனஃபி மத்ஹபில் முறியாது. ஷாஃபி மத்ஹபில், இடையே திரையின்றித் தோலோடு தோல் படின் முறியும். கையுறை அணிந்திருந்தால் முறியாது. செவிலியர் பெரும்பாலான பணிகளைக் கையுறையோடுதான் செய்கிறார்கள். வெறுங்கையால் நாடி பார்க்க நேர்ந்தால், பார்த்து முடித்துவிட்டு, தொழுகை வேளையில் மறுபடி ஒளுச் செய்துகொண்டால் போதும். அதன் பொருட்டு நாடி பார்ப்பதைத் தள்ளிப் போட வேண்டாம்.